பட்டியல் திருப்பி அனுப்பப்படுகிறது

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், கருவூலக் கணக்குத் துறை, வயது 67. தற்காலிக இருப்பு: மகள் வீடு, நியூஜெர்சி.

பெறுநர்: பில்லிங் டிபார்ட்மெண்ட், வாசலில் புனிதர் சிலை நிற்கும் லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி, அதே மாநிலம்.

பொருள்: மனைவிக்கு வந்த மாரடைப்பு – அதன் விலை 1,86,412 டாலர் 37 சென்ட் – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் 14 பக்கப் பட்டியல் மற்றும் நான்கு நினைவூட்டுகள். கடைசியது சிவப்பு எழுத்தில்.

அம்மையீர்,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். புரியவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய 14 பக்கங்களில் எனக்குப் புரிந்தவை இரண்டுதான்: முதல் வரியில் என் மனைவியின் பெயர், கடைசி வரியில் தொகை. ஆக, இந்த விஷயத்தில் நாம் இருவரும் சரிக்குச் சரி.

நான் 1981 முதல் 2015 வரை 34 வருஷம் தமிழ்நாட்டுக் கருவூலங்களில் பில் பார்த்தவன். பில் பார்ப்பது என்றால் பணம் கொடுப்பது என்று வெளியாள் நினைப்பான். கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடுவதுதான் அந்த வேலை. சம்பளப் பட்டியல், பயணப்படிப் பட்டியல், தேர்தல் வேலைக்கு ஓடிய ஜீப்பின் டீசல் பட்டியல், எதுவானாலும் எங்காவது ஒரு கையெழுத்து குறையும். அதைக் கண்டுபிடித்து, ‘பட்டியல் ஆட்சேபணையுடன் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று சிவப்பு மையில் எழுதினால்தான் மத்தியானச் சாப்பாடு செரிக்கும். ஓய்வுபெற்றுப் பத்து வருஷமாகக் கை நமநமத்துக்கொண்டிருந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் உங்கள் பட்டியல் வந்து சேர்ந்தது.

ஆட்சேபணைகள் வரிசையாகக் கீழே.

ஆட்சேபணை 1: கேட்காமல் விட்ட கேள்வி

உங்கள் நாட்டு விசா விண்ணப்பத்தில் என் மனைவிக்கான கேள்விகளை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டது உண்டா? இனப்படுகொலைக்கு உத்தரவிட்டதோ, தூண்டியதோ உண்டா? கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் தள்ளிக் கொல்லையில் விடுகிறவள் அவள். “என்னங்க, இதுக்கெல்லாம் ஆமான்னு யாராவது எழுதுவாங்களா?” என்று கேட்டாள். விரல் ரேகையும் எடுத்துக்கொண்டார்கள். இத்தனையும் கேட்டவர்கள் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: “அம்மா, உங்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே, எங்கள் ஊரில் விழுந்தால் பணம் யார் கட்டுவது?”

ஐரோப்பாக்காரர்கள் இதில் கறார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு இல்லாதவருக்கு ஷெங்கன் விசா கிடையாது. கறார்தான், ஆனால் வாசலிலேயே சொல்லிவிடுகிற கறார். நீங்கள் பரந்த மனசுக்காரர்கள். சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை. எலிப்பொறி வாசலில் நிபந்தனை வைக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை.

எங்கள் பக்கத் தப்பையும் பதிவு செய்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரி என்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு சந்நிதி. 1984-ல் எங்கள் முதல்வர் எம்.ஜி.ஆர். ப்ரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். படுத்தபடியே ஆண்டிபட்டித் தேர்தலில் ஜெயித்தார். பிழைத்தும் வந்தார். ஊரே தேங்காய் உடைத்தது, நானும் உடைத்தேன். ப்ரூக்ளினில் பில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்க, அப்போதே மூன்று வருஷம் பில் பார்த்திருந்த எனக்குக்கூடத் தோன்றவில்லை. பக்திக்கு முன்னால் வவுச்சர் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பேன்.

ஆட்சேபணை 2: வலிக்கு வைத்த கெடு

என் பென்ஷனில் மருத்துவக் காப்பீட்டுக்கென்று மாதாமாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். அந்தக் காப்பீடு சென்னை விமான நிலையம் வரைக்கும் கூட வந்து, கையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டது. எனவே மகள் இங்கிருந்தே ஆறு மாதத்துக்கு ஒரு பயணக் காப்பீடு எடுத்தாள். நடுராத்திரியில், ஆன்லைனில், குழந்தைக்கு டயாபர் வாங்கிய கையோடு. மலிவான திட்டம். முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது என்று அதில் கண்டிருந்தது.

அறுபத்து நான்கு வயதுப் பெண்மணிக்கு முன்பே இல்லாத நோய் என்று ஒன்று வேண்டுமானால், அதை உங்கள் நாட்டிலேயே புதிதாகப் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. முன்பு செய்ததற்கு இப்போது அனுபவிப்பதை நாங்கள் ஊழ்வினை என்போம். அதற்கு ஒரு பிறவியாவது இடைவெளி உண்டு. காப்பீட்டுக் கம்பெனி அந்த இடைவெளியைப் பதினொரு வருஷத்துப் பிரஷர் மாத்திரையாகச் சுருக்கிவிட்டது.

ஆனாலும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்பே இருந்த நோய், முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் பணம் உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு நெஞ்சு கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை. வந்த முதல் வாரமே, பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குப் போனபோது, நம்மூர் அம்மாக்கள் அவளுக்கு உபதேசம் செய்திருந்தார்கள். “இங்க உடம்புக்கு முடியலைன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்கம்மா. ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னாலே லட்ச ரூபா. எல்லாம் புள்ளைங்க தலையில விழும்.” வெள்ளிக்கிழமை ஓமத்தண்ணீர் போட்டுக் குடித்தாள். வாயு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்று இரவும் எங்கள் எல்லோருக்கும் தோசை சுட்டாள். சனிக்கிழமை விடியற்காலை பாத்ரூம் வாசலில் விழுந்தாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். முனகலுக்கு நடுவே அவள் சொன்னாள்: “ரெண்டு நாளா.” அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார். அந்த ஒரு வரியில் காப்பீடு செத்துப்போனது. 24 மணி நேரம் தாண்டிவிட்டதாம்.

அம்மையீர், இந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். பில்லுக்குப் பயந்து வலியை மறைத்தாள். வலியை மறைத்ததால் பில் வந்தது. எங்கள் நிதித்துறை எத்தனையோ சுற்றறிக்கைகள் விட்டிருக்கிறது. ஒன்றுகூட இத்தனை கச்சிதமாக மனுஷனை வளைத்து மடக்கியதில்லை. அவளுக்கு எமனாக வந்த அந்த வரியை மொழிபெயர்த்தவன் நான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் பிழை ஏதும் இல்லை. பிழை இருந்திருக்கலாம்.

ஆட்சேபணை 3: பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்தது. குறை சொல்ல முடியாது. அதற்கான பில் மட்டும் தனி உறையில் வந்தது: 2,640 டாலர். ஓடிய மைல்களுக்கு அதன்மேல் தனிக் கணக்கு. எங்கள் தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்று ஒரு வண்டி ஓடுகிறது. அடிபட்டவனை ஏற்றிக்கொள்ளும், இறக்கிவிடும், போய்விடும். மைல் கணக்கு டிரைவருக்கும் டீசலுக்கும்தான், நோயாளிக்கு அல்ல.

எதிர்பாராத பில்லால் ஜனங்கள் அதிரக்கூடாது என்று உங்கள் நாட்டில் ஒரு சட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. படித்துப் பார்த்தேன். காப்பீடு உள்ளவருக்கு அவசர சிகிச்சையில் அதிர்ச்சி தரக்கூடாது. வானத்தில் பறக்கும் ஆம்புலன்ஸும் அதிர்ச்சி தரக்கூடாது. தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் தாராளமாகத் தரலாம். காப்பீடே இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு அதில் ஒரு வரி தேடினேன், அகப்படவில்லை. அதிர்ச்சி அடைவதற்குக்கூட ஒரு பாலிசி எடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

1986-ல் வந்த இன்னொரு சட்டத்துக்கு நான் கடமைப்பட்டவன். அதற்கு முன்பெல்லாம், பணமில்லாத நோயாளியை ஓர் ஆஸ்பத்திரி இன்னோர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போவது உண்டாம். அது கூடாது, அவசரமாக வந்தவரைப் பணத்தைப் பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உயிர் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான், மறுக்கமாட்டேன். உயிரை நிலைப்படுத்தியதும் சட்டத்தின் டூட்டி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நோயாளியின் குடும்பம் நிலைகுலைவதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. எங்கள் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரி யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் அட்வான்ஸ் கட்டச் சொல்லி வாசலில் கழுத்தைப் பிடிப்பார்கள். நீங்கள் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பி, தபாலில் பிடிக்கிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடும்போது ஒரு பெண் சக்கரம் வைத்த கம்ப்யூட்டரோடு என் பக்கத்திலேயே ஓடிவந்தார். சின்னக் கறுப்புப் பலகை ஒன்றை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். எதில் போடுகிறேன் என்று தெரியவில்லை. காகிதம் இல்லை, எழுத்து இல்லை, ஒரு கோடு மட்டும் மின்னியது. 34 வருஷத்தில் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. கலெக்டரே நின்றாலும் படித்துவிட்டுத்தான் போடுவேன். அன்று போட்டேன். அவளுடைய வலது கால் மெட்டி கழன்று தரையில் உருண்டது. அதைப் பொறுக்குவதா, கையெழுத்துப் போடுவதா என்று தடுமாறி, இடது கையால் மெட்டியை எடுத்துக்கொண்டு வலது கையால் போட்டேன்.

என்ன சிகிச்சை வந்தாலும் பணம் கட்டும் பொறுப்பு என்னுடையது என்று அந்தக் கோட்டுக்கு மேலே எழுதியிருந்ததாகப் பிற்பாடு மருமகன் சொன்னார். எங்கள் ஊர்ச் சட்டத்தில் மிரட்டி வாங்கிய கையெழுத்தைச் செல்லாததாக்கலாம். மனைவி ஸ்ட்ரெச்சரில் போகும்போது வாங்கும் கையெழுத்தை எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெளிவுரை வழங்கவும்.

ஆட்சேபணை 4: இனவாரியான விவரம்

முதலில் உங்கள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்து ஒரு மணி நேரத்தில் அவளைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நர்ஸம்மா கம்பளியும் காபியும் கொண்டுவந்து தந்தார். 14 பக்கத்திலும் தேடினேன், அந்தக் காபி இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷி ஒரு மனுஷனுக்குக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன்.

மற்றதெல்லாம் எண். 99285 என்றால் அவசரப் பிரிவில் உச்சபட்சக் கவனிப்பு. 92941 என்றால் மாரடைப்பு நடக்கும்போதே அடைப்பை நீக்குவது. இந்த எண்களின் காப்புரிமை அமெரிக்க டாக்டர்கள் சங்கத்திடம் இருக்கிறதாம். நோய் எங்களுடையது, நோய்க்குச் செய்வதன் எண்ணுக்குக்கூட முதலாளி உண்டு.

ஸ்டென்டுக்கு 18,400 டாலர் போட்டிருக்கிறீர்கள். டாலரை 85 ரூபாயாக வைத்தால் 15 லட்சத்து 64 ஆயிரம். எங்கள் நாட்டிலும் ஸ்டென்டை வைத்துப் பகல்கொள்ளை நடந்துகொண்டுதான் இருந்தது. 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், அதற்குமேல் கிடையாது என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. உங்கள் ஒரு ஸ்டென்ட் காசில் அந்த விலைக்கு 52 வாங்கலாம். எங்கள் தெருவில் மொத்தமே 40 வீடு. மிச்சம் பன்னிரண்டை எதிர்காலத் தேவைக்கு இருப்பு வைக்கலாம்.

ஆஸ்பிரின் மாத்திரை நாலுக்கு 38 டாலர் என்று ஒரு வரி. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது என் நெஞ்சும் கொஞ்சம் கனத்தது. அந்த மாத்திரைக்கு அப்படியொரு வீரியம் இருக்கிறது.

கூட்டுத்தொகை 1,86,412 டாலர் 37 சென்ட். ஒரு கோடியே 58 லட்சம் ரூபாய். என் பென்ஷன் மாதம் 41,000. சாப்பிடாமல் கட்டினால் 32 வருஷம் ஆகும். எனக்கு 99 வயது ஆகிவிடும். அதனால் உங்கள் டாக்டரிடம் சொல்லி என் நெஞ்சையும் அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முதலீடு அதில்தான் இருக்கிறது. அந்த 37 சென்ட் என்ன என்று மட்டும் புரியவில்லை. அதைப் போட்டவர் யாரோ நேர்மையானவராக இருக்க வேண்டும்.

இது தவிர, அவசரப் பிரிவு டாக்டர் தனி, இருதய டாக்டர் தனி, எக்ஸ்ரேவைப் பார்த்த, நான் கண்ணால் காணாத ஒரு டாக்டர் தனி என்று தனித்தனி உறைகள் வந்துகொண்டிருக்கின்றன. தபால்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது நடையை மெதுவாக்கிக்கொள்கிறார்.

ஆட்சேபணை 5: பேரம்

முதல் தடவை ஃபோன் செய்தேன். காப்பீடு இல்லை என்றதும் நீங்கள் நாற்பது சதவீதம் குறைத்துவிட்டீர்கள். நான் கேட்கவே இல்லை. இரண்டாவது தடவை மகள் பேசினாள். 62,000-க்கு வந்தது. மூன்றாவது தடவை மருமகன் பேசினார். முப்பது நாளில் ஒரே தவணையாகக் கட்டினால் 29,500 போதும் என்றீர்கள். நூற்றுக்குப் பதினாறு. பேரன் இன்னும் பேசப் பழகவில்லை. அவன் ஒருவன்தான் பாக்கி. பேசியிருந்தால் நீங்கள் எங்களுக்குத் தரவேண்டியது வந்திருக்கும்.

அம்மையீர், திருச்சி பெரிய கடைவீதியில் வாயில் புடவை வாங்கும்போது கடைக்காரன் ஆயிரம் என்பான், நாங்கள் எழுநூறு என்போம், எண்ணூறில் முடியும். அதற்கே அவன் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்வான். மூன்று ஃபோனில் ஒரு பில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால் எங்கள் கருவூலத்தில் அதற்குத் தள்ளுபடி என்று பெயர் இல்லை. அதற்கு விஜிலன்ஸ் வரும். 29,500 சரி என்றால் 1,86,412 என்ன? அது யாருக்கான விலை?

விலைகள் ரகசியமில்லை, 2021 ஜனவரி முதல் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் விலைகளை வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது என்கிறார் மருமகன். எல்லா விலையும் அடங்கிய அந்தப் பட்டியல் இயந்திரம் படிக்கும் வடிவில் இருக்க வேண்டுமாம். நல்லது. அடுத்த தடவை ஏதாவது இயந்திரத்துக்கு மாரடைப்பு வந்தால் அது படித்துப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரி மலிவு என்று முடிவு செய்துகொண்டு விழட்டும்.

இரண்டு மாதம் இதையே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள விலை ஸ்டென்டுக்கோ, மாத்திரைக்கோ, டாக்டரின் நேரத்துக்கோ போட்டது இல்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடுகிறவனின் பயத்தைத் தராசில் வைத்துப் போட்டது. பயந்தவன் 1,86,412-ஐத் தவணை போட்டுக் கட்டிக்கொண்டே இருப்பான். கொஞ்சம் பயம் தெளிந்தவனுக்கு 62,000. முழுக்கத் தெளிந்தவனுக்கு 29,500. நோய் மூவருக்கும் ஒன்றுதான். உங்கள் நாட்டில் மருத்துவக் கடன் மட்டும் கடன் தகுதிப் பதிவேடுகளில் 8,800 கோடி டாலர் ஏறியிருப்பதாக உங்கள் அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பே 2022-ல் சொன்னது. அது அத்தனையும் மருந்தின் விலையா? தெளியாத பயத்தின் பாக்கி எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும்.

ஆட்சேபணை 6: கல்யாணம்

“மாமா, விட்டுட்டு ஃப்ளைட் ஏறிடுங்க. திருச்சிக்கு வந்தா புடிக்கப் போறாங்க?” என்று மருமகனின் நண்பர்கள் சொன்னார்கள். அவர்களில் இருவர் தங்கள் அப்பா அம்மாவை அப்படித்தான் ஏற்றிவிட்டார்களாம். எனக்கு மனசு வரவில்லை. அதோடு, அடுத்த வருஷம் பேரனுக்குக் காதுகுத்து, திரும்பி வந்தாக வேண்டும்.

பில் நோயாளியின் பேரில்தானே, புருஷன் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் நீங்கள் சட்டம் சொன்னீர்கள். மனைவியின் அத்தியாவசியச் செலவுக்குப் புருஷன் பொறுப்பு என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வழக்கம். உங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 1980-ல் ஒரு ஆஸ்பத்திரி பில் வழக்கிலேயே அதைத் திருத்தியது. திருத்தி என்ன செய்தது? புருஷனுடைய பில்லுக்கு மனைவியும் பொறுப்பு என்று சமப்படுத்தியது. முதலில் சிகிச்சை பெற்றவரின் சொத்து, போதாவிட்டால் துணையின் சொத்து. பெண்ணுக்குச் சம உரிமை எத்தனையோ கதவுகளில் தட்டிக்கொண்டு நிற்கிறது. பில் கவுண்ட்டர் கதவு மட்டும் தானாகத் திறந்திருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி 41 வருஷம். அம்மி மிதித்தது, அருந்ததி பார்த்தது எல்லாம் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் யாரும் எங்கள் பந்தத்துக்கு ஆதாரம் கேட்டதில்லை. அவளுடைய தம்பிகளே எங்களை இவ்வளவு உறுதியாகச் சேர்த்துவைத்துப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தின் மேல் உலகத்திலேயே அதிக நம்பிக்கை வைத்திருப்பது உங்கள் டிபார்ட்மெண்ட்தான்.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “எனக்கு என்ன ஆச்சு” இல்லை. “என்னங்க, எவ்வளவு ஆகும்?” நான் 34 வருஷத்தில் பொய்க்கணக்கு எழுதியதில்லை. அன்று எழுதினேன். “ஒண்ணுமில்லம்மா, இன்சூரன்ஸ் பாத்துக்கும்.” அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளும் கருவூலக்காரன் பெண்டாட்டி. பிறகு வளையலை மெதுவாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை பவுன் என்று எண்ணினாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆட்சேபணை 7: தர்மம்

உங்கள் மாநிலத்தில் ஏழைகளுக்குத் தர்ம சிகிச்சைத் திட்டம் இருக்கிறது என்பதை மூன்றாவது ஃபோனுக்குப் பிறகுதான் சொன்னீர்கள். வெளியூர்க்காரர் ஆனாலும், அவசரமாக வந்து விழுந்தவர் விண்ணப்பிக்கலாம். வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டைப் போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டணம் முழுக்க இலவசம். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2024-ல் அந்தக் கோடு 20,440 டாலர். என் வருஷப் பென்ஷன் 6,000 டாலர்கூட இல்லை. ஊரில் நான் மளிகைக் கடையில் நுழைந்தால் முதலாளி எழுந்து நிற்பார். உங்கள் கோட்டில் நின்றால் நான் ஏழையிலும் ஏழை. சந்தோஷம். முதல் தடவையாக ஏழை என்ற பட்டத்துக்கு ஆசைப்பட்டேன்.

அங்கேயும் ஒரு குறை கண்டுபிடித்தீர்கள். குடும்பத்தின் சேமிப்பு 15,000 டாலரைத் தாண்டக்கூடாது. எங்களிடம் வங்கியில் 23 லட்சம் போட்டு வைத்திருக்கிறோம். அவள் டீக்கடையில் டீ குடிக்கவிடாமல், நான் ஆட்டோவில் ஏறாமல், 34 வருஷம் சேர்த்தது. கடைசிக் காலத்தில் வைத்தியச் செலவுக்கு என்று சேர்த்தது. அது 27,000 டாலர் ஆகிறது. அதிகப்படியான 12,000-ஐ உங்களிடமே கட்டிவிட்டால் ஏழை என்று அங்கீகரிப்பீர்களாம். எங்கள் ஊரில் ஏழைச் சான்றிதழுக்கு ஆர்.ஐ. ஆபீஸில் நூறோ இருநூறோ கேட்பார்கள். அதை லஞ்சம் என்று திட்டியிருக்கிறேன். பாவம், அவர்கள் பச்சைப் பிள்ளைகள்.

நான் வருஷாவருஷம் கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கிறவன். இப்போது ஏழையாக இருக்கிறேன் என்றும் நிரூபித்து விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசலில் நிற்கும் புனிதரிடம் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்: உள்ளே நடக்கும் தர்மத்துக்கும் முன்பணம் உண்டு.

ஆட்சேபணை 8: தன்மேல் எடுத்துக்கொண்டது

தணிக்கை செய்பவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும்.

1997-ல் தென்மாவட்டம் ஒன்றில் ஒரு சார் கருவூலத்தில் இருந்தேன். கிராமத்து ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மனைவியின் மருத்துவச் செலவைத் திரும்பப் பெறப் பட்டியல் போட்டிருந்தார். கடன் வாங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துகள் அவசியமானவை என்று டாக்டர் தரும் எசென்ஷியாலிட்டி சர்ட்டிபிகேட்டில் அவரது சீல் மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். சீல் வந்தது, தேதி இல்லை. திருப்பி அனுப்பினேன். தேதி வந்தது, மருந்துக்கடை ரசீது ஒன்று நகலாக இருந்தது. அசல் வேண்டும் என்று எழுதினேன். விதிப்படிதான்.

மூன்றாவது தடவை திருப்பி அனுப்பியபின் அவரே நேரில் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது. “ரெண்டு நாள் ஆகும் சார்” என்றேன். அவர் மழைக்கோட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: “மெதுவா பாருங்க சார். இனிமே அவசரமில்ல.”

அன்று அது எனக்கு மரியாதையாகத்தான் கேட்டது. எவ்வளவு பண்பான மனிதர் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. பட்டியலை அந்த வாரமே பாஸ் செய்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு நியூஜெர்சியில், அவசரப் பிரிவுக்கு வெளியே, கையில் ஒரு மெட்டியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

எனவே அம்மையீர், உங்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. வரவேண்டிய பணத்தை நான் காகிதத்தால் நிறுத்தினேன். வரக்கூடாத பணத்தை நீங்கள் காகிதத்தால் பிடுங்குகிறீர்கள். நானும் விதிப்படிதான் செய்தேன், நீங்களும் விதிப்படிதான் செய்கிறீர்கள். அதனால்தான் உங்கள் விதியின் மேல் எனக்கு இத்தனை ஆத்திரம். அதன் முகம் எனக்கு ரொம்பத் தெரிந்த முகம்.

மேற்கண்ட எட்டு ஆட்சேபணைகளுக்கும் உரிய விளக்கத்துடன் மீளச் சமர்ப்பிக்கும் பொருட்டு, தங்கள் பட்டியல் திருப்பி அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
கோட்டின் மேல் கையெழுத்திட்ட கணவன்.

இணைப்பு: தங்கள் பட்டியல், 14 பக்கம். தர்ம விண்ணப்பம், ஏழை என்பதற்கான ஆதாரங்களுடன். கல்யாணத்துக்கு ஆதாரமாகக் கால் மெட்டி ஒன்று, அசல். சரிபார்த்தபின் திருப்பித் தரவும். ஜோடி அவள் காலில் இருக்கிறது.

நகல்: 1997-ல் நான் மூன்று தடவை பட்டியலைத் திருப்பி அனுப்பிய ஆசிரியருக்கு. முகவரி அந்தப் பட்டியலில் இருந்தது. நான் அதை மட்டும் படிக்கவில்லை.